மலையிலிருந்து வந்த விருந்தாளி

கொடுவா மீனைக் கோட்டுச்சேரிமேட்டுக் கரையிலேயே போய் நின்று வாங்கி வந்திருந்தாள் மலர்க்கொடி. அவள் பிறந்த ஊர் அது. கட்டுமரம் கரையேறியதுமே சித்தப்பா மகன் நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிட்டான். புட்டுக்குப் பால்சுறாவும், வறுக்க இறாலும் கிடைத்தன. கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கோவில்பத்து திரும்பியபோது வெயில் ஏறியிருந்தது. பங்குனி கடைசி. கடல் பக்கமிருந்து ஒரு பொட்டுக் காற்று இல்லை.

கொல்லையில் செல்லம்மா ஏற்கனவே அம்மியின் முன் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வீடு தள்ளி இருப்பவள். மிளகாய், மல்லி, சோம்பு எல்லாம் பக்கத்தில் கொட்டாங்கச்சியில் இருந்தன.

"அக்கா, தேங்கா தனியா அரைக்கவா, சேத்து அரைக்கவா?"

"தனியாவே அரை. அவுங்க ஊருல தேங்கா கம்மியாத்தான் போடுவாங்களாம். அப்பறமா பாத்துப் போட்டுக்கலாம்."

"முதலாளிக்கு மீனு புடிக்குமா?"

"புடிக்கும்னுதான் இவுரு சொல்றாரு. நேத்து சனிக்கெழம திருநள்ளாத்துல எண்ணெ தேச்சு முழுவிட்டு சாமி பாத்துட்டாராம். இன்னைக்கு மீனுதான் வேணும்னாராம்."

செல்லம்மா சிரித்தாள். பிறகு குழவியை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "அண்ணன் இன்னைக்குக் கேட்டுருவாரில்லக்கா?"

"கேக்குறேன்னு சொல்லியிருக்காரில்ல. கேப்பாரு."

முதலாளி செல்லையன் கொடைக்கானலில் லாட்ஜ் வைத்திருப்பவர். மலர்க்கொடியின் புருஷன் தர்மராஜுக்கு ஏழெட்டு வருஷமாக அங்கேதான் சமையல் வேலை. சித்திரை பிறக்கும்போது மலையேறினால் சீசன் முடிந்து ஆனியில்தான் இறங்குவான். மீதி நாளெல்லாம் காரைக்கால் பக்கம் கல்யாண வீடுகளில் கரண்டி பிடிப்பான். மலையைப் பற்றி அவன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். விடிவதற்கு முன்னால் எழுந்து விறகு அடுப்பில் அண்டா அண்டாவாக வெந்நீர் போட வேண்டும். அறைக்கு அறை வாளியில் தூக்கிக்கொண்டு போய் வைக்க வேண்டும். பனியில் கைவிரல் வெடித்து, உப்பைத் தொட்டால் எரியும். புதுசாகக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தவர்கள் மத்தியானம் வரைக்கும் கதவைத் திறக்க மாட்டார்கள். திறந்த உடனே பசி என்பார்கள். வடக்கத்திக் குடும்பங்களுக்குச் சப்பாத்தி, மெட்ராஸ்காரர்களுக்கு இட்லி, எல்லோருக்கும் படுக்கையிலேயே காப்பி. ஏரியைச் சுற்றிக் குதிரையில் போய்விட்டு வந்து, 'மாஸ்டர், என்ன குளுரு, சூடா ஏதாவது குடுங்க' என்று சமையல்கட்டு வாசலில் வந்து நிற்பார்களாம்.

இந்த வருஷம் அவளையும் மகள் நீலாயதாட்சியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் முதலாளி. லாட்ஜின் பின்கட்டில் ஓர் அறை. போர்வை, தலையணை உறை துவைத்துப் போடுவதற்கு அவளுக்கும் சம்பளம். அவரே காரில் வந்து அழைத்துப் போகிறேன் என்றதும் தெருவில் பேச்சாகிவிட்டது. ஆறு வயசு நீலா ஒரு வாரமாக யாரைப் பார்த்தாலும், "நாங்க மேகத்துக்குள்ள போவப் போறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

செல்லம்மாவின் புருஷன் பாலகுருவும் அதே லாட்ஜில் தர்மராஜுக்குக் கையாளாக இருந்தவன்தான். போன வருஷம் சித்திரையில் இரண்டு பேரும் மாயவரம் பஸ்ஸில் கிளம்பிப் போனார்கள். நண்டலாற்றுச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். காரைக்காலில் சாராயக் கடை, பிராந்திக் கடை எல்லாம் உண்டு. ஆற்றைத் தாண்டினால் தமிழ்நாடு, மதுவிலக்கு. பாலகுருவின் பையில் பிராந்திப் பாட்டில்கள் இருந்ததாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆறு மாதம் ஜெயில். வெளியே வந்த பிறகு எந்தக் கல்யாணக் கோஷ்டியும் அவனைச் சேர்க்கவில்லை. தருமபுரத்து ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறான்.

'பக்கத்துல ஒக்காந்துகிட்டு என் புருஷன் பேரையும்ல கெடுக்கப் பாத்தான்' என்று அப்போது தெருக்குழாயில் நின்று மலர்க்கொடிதான் அதிகம் பேசினாள். 'அவன் இந்த வாசப்படிய மிதிக்கக்கூடாது' என்று செல்லம்மாவிடம் முகத்துக்கு நேராகவே சொன்னாள். செல்லம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நாள் கழித்து மலர்க்கொடிக்கே மனசு கேட்காமல் அவளை மட்டும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டாள். இப்போது அவனுக்காக முதலாளியிடம் பேசுகிறேன் என்று தர்மராஜ் சொன்னபோதுகூட, "அவனுக்குப் போயி நீங்க எதுக்கு வக்காலத்து வாங்குறீங்க" என்றுதான் சண்டை போட்டாள். தன் புருஷனுக்கு இவ்வளவு இளகின மனசு ஆகாது என்று அவளுக்கு நினைப்பு.

கார் வந்தபோது குழம்பில் மாங்காய்த் துண்டு போட்டு இறக்கியிருந்தாள். வெள்ளை அம்பாசிடர். தெருப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டன. செல்லையன் பருத்த மனிதர்; நெற்றியில் திருநீறு, கையில் துண்டு. தர்மராஜ் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். டிரைவர் கபீர் இறங்கி நிழல் பார்த்துக் காரைத் தள்ளி நிறுத்தினான்.

"வாங்கய்யா, வாங்க. சின்ன வூடு, பாத்துக் குனிஞ்சு வாங்க."

"அட, இருக்கட்டும்ப்பா மாஸ்டர். தங்கச்சி, நல்லாருக்கியா? என்னா வெயிலு! உங்க ஊருல மனுசன் எப்படித்தேன் இருக்கீகளோ. நாளைக்கே மேல வந்து பாரு, போர்வைய விட்டு எந்திரிக்க மாட்டே."

பாய் விரித்துத் தலைவாழை இலை போட்டாள். புட்டு, இறால் வறுவல், கொடுவாக் குழம்பு. விசிறியோடு தர்மராஜ் பக்கத்தில் உட்கார்ந்தான். செல்லையன் முதல் பிடியை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏப்பா, இத்தன வருசமா ஒஞ் சமையல்னு நினைச்சு நான் சாப்பிட்டதெல்லாம் ஒம் பொஞ்சாதி கைப்பக்குவமா?"

தர்மராஜ் சிரித்தான். மலர்க்கொடிக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் ஒரு துண்டு மீன் வைத்தாள். கொல்லையில் செல்லம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ரசத்துக்கு வரும்போது தர்மராஜ் தொண்டையைச் செருமினான்.

"அய்யா, அந்தப் பாலகுரு... மில்லுல மூட்ட தூக்குறான். கஷ்டப்படுறான். இந்த சீசனுக்கு..."

செல்லையன் இலையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

"நல்ல பயதேன். நான் இல்லேங்கல. ஒம் பையத் தம் பையின்னு சொல்லிட்டு எறங்குனானே, அதுக்கே அவனக் கும்பிடணும். ஆனா மாஸ்டர், ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவன லாட்ஜுல வச்சா நாளைக்கு யாராச்சும் நகையக் காணோம்னா மொதல்ல யாரப் புடிப்பாக? எம் பேருல்ல கெடும். அது வேணாம், விட்டுரு."

"சரிங்க" என்றான் தர்மராஜ்.

மலர்க்கொடி ரசக் கரண்டியைச் சாய்த்தபடியே நின்றாள். ரசம் சோற்றைத் தாண்டி இலை ஓரத்தில் வழிந்து பாயில் இறங்கியது.

"போதும் தாயி, போதும்."

கொல்லையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

செல்லையன் கையை மடக்கி இலையைத் தடுத்துக்கொண்டே பேசினார். "இந்த வருசம் அந்தத் தொந்தரவே இல்ல. கபீரு காலையிலயே கடைத்தெருவுல எல்லாம் வாங்கிட்டான். ரெண்டு கருவாட்டுக் கூடை. அடியில பாட்டிலு, மேல கருவாடு. பின் சீட்டுல தங்கச்சியும் புள்ளையும் ஒக்காந்துக்கிறட்டும், கூட காலடியில இருக்கட்டும். பொம்பள, பச்சப்புள்ள இருக்கிற கார எவன் கெளறப் போறான்? சீசனுக்கு வர்ற பெரிய மனுசங்க குளுருக்குக் கேக்குறாக. இல்லேன்னா பக்கத்து லாட்ஜுக்குல்ல போயிர்றாக."

தர்மராஜ் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. விசிறியை மட்டும் வேகமாக வீசினான்.

அவள் மோர் ஊற்றினாள். "இன்னும் கொஞ்சம் சோறு போடவாங்க?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. வீட்டுக்கு வந்து இலையில் உட்கார்ந்தவரைப் பாதியில் எழுப்பும் பழக்கம் அவளுக்கு இல்லை. அவர் கை கழுவச் சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டுத்தான் கொல்லைக்கு வந்தாள்.

செல்லம்மா எழுந்து நின்றிருந்தாள். கை முழுவதும் சாம்பல்.

"ஒனக்குத் தெரியுமாடி?"

"தெரியும்க்கா."

"எப்பலேருந்து?"

"செயில்ல போயி மொதத் தடவ பாத்தப்பவே சொல்லிட்டாரு. போலீசு ஏறி இது யாரு பையின்னு கேட்டப்ப, அண்ணன் இவரு முட்டிய அழுத்துனாராம். எனக்கு புள்ள இருக்கு, ஒனக்கு ஒண்ணுமில்ல, நீ எறங்குடா, முதலாளி ரெண்டு நாள்ல எடுத்துருவாருன்னு காதுல சொன்னாராம். இவரு எறங்கிட்டாரு."

"நான் குழாயடியில நின்னு அவ்வளவு பேசுனேனே. நீ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லலியேடி."

"சொல்லக்கூடாதுன்னுட்டாரு. அண்ணன் திரும்ப வேலைக்குச் சேத்து வுடுறேன்னு சொல்லியிருக்காரு, வெளியில தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிரும்னாரு. அதை நம்பித்தான் இருந்தோம்." அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு வார்த்தக்கூட எதுத்துக் கேக்கலியேக்கா. சரிங்கன்னுட்டாரே."

குழம்பும் புட்டும் எடுத்து வைத்திருந்த தூக்குவாளி படியில் இருந்தது. அதைத் தாண்டிக்கொண்டு வேலிப் படலைத் திறந்து போய்விட்டாள்.

கொல்லை வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கபீர் பாதி இலையோடு நிமிர்ந்தான். எதுவும் கேட்காதவன்போல இருந்தவன் தணிந்த குரலில் சொன்னான்: "யம்மா, கூடப் பொறந்த அண்ணன் மாதிரி சொல்றேன். பிள்ளையக் கூட்டிக்கிட்டு இந்தக் கார்ல ஏறாதீங்க. எனக்கு வேற பொழப்பு இல்ல, நான் ஓட்டுறேன்."

உள்ளே தர்மராஜ் டிரங்குப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். முதலாளி வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவள் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"கயித்த அவுருங்க."

"மெதுவாப் பேசு."

"ஒரு வருஷமா மெதுவாத்தானே பேசியிருக்கீங்க. நான்ல தெருவு பூராவும் கேக்கக் கத்திக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். அவன் எதுக்க வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனேன். பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"மலரு, நான் வேணும்னா செஞ்சேன்? போலீசு மேல நிக்கிறான். வாயில வந்துடுச்சு. முதலாளி எடுத்துருவாருன்னு நம்புனேன். அவரு கைய விரிச்சிட்டாரு. நான் என்ன பண்றது?"

"இன்னைக்கு என்ன பண்ணுனீங்க? சரிங்கன்னீங்க."

அவன் கயிற்றின் முனையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான்.

"இந்த வருஷம் நண்டலாத்துல நிறுத்துனா யாரு முட்டிய அழுத்துவீங்க? என்னையவா, அவளையா?"

நீலா சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வேர்வை ஒழுக அறை மூலையில் நின்றிருந்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மலர்க்கொடி போய் அதைக் கழற்றினாள். பிள்ளை அழவில்லை, அழலாமா என்று அப்பாவின் முகத்தைப் பார்த்தது.

வெளியே ஹாரன் அடித்தது.

"மாஸ்டர், பொழுதாகுதுப்பா! இருட்டுறதுக்குள்ள தஞ்சாவூர் தாண்டணும்."

மலர்க்கொடி கதவைத் திறந்து வாசலுக்கு வந்தாள். காரின் பின் கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு கூடைகள். கருவாட்டு வாடை வெயிலில் தெரு வரைக்கும் அடித்தது. எதிர்ச்சாரியில் நூகு பாய் டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"நாங்க வரலீங்க. போயிட்டு வாங்க."

செல்லையன் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். "என்ன தங்கச்சி இது? ரூமெல்லாம் ஒழிச்சு வச்சிருக்கு."

"எம் புள்ளைய அந்தக் கூட மேல ஒக்கார வைக்க மாட்டேங்க."

அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். தர்மராஜிடம்தான் பேசினார். "என்னப்பா மாஸ்டர், இதெல்லாம் சொல்லிக் கூட்டியாரதில்லையா? அது வரலேன்னா இருக்கட்டும். நீ ஏறு. நீயும் இல்லேன்னா சொல்லிரு, வத்தலக்குண்டுலயே ஆளப் புடிச்சிக்கிறேன். சீசனுக்கு அடுப்பு எரியணும் எனக்கு."

தர்மராஜ் வாசலுக்கும் காருக்கும் நடுவில் நின்றான். மனைவியைப் பார்த்தான். அவன் உள்ளே போய்த் துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்து பின் சீட்டில் ஏறினான். கபீர் கதவைச் சாத்தினான். கார் தெருமுனை திரும்பிய பிறகும் புழுதி அடங்க நேரமாயிற்று.

அவள் எச்சில் இலையை எடுத்தாள். பாயில் கொட்டியிருந்த ரசத்தைத் துடைத்தாள். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். பசிக்கவில்லை. நீலா வாசற்படியிலேயே தூங்கிப்போனாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு செல்லம்மா வீட்டு வாசல்வரை போனாள் மலர்க்கொடி. கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. திரும்பி வந்துவிட்டாள்.

இந்நேரம் கோட்டுச்சேரி தாண்டியிருக்கும். இந்நேரம் பூவம். சாவடியில் பிடித்தால் இவரைத்தான் இறக்குவார்கள். முதலாளி எனக்கு ஒன்றும் தெரியாது என்பார். பிடிபடாமல் போய்விட்டால்? அது இன்னும் மோசமாகத் தோன்றியது. ஆனியில் இறங்கி வருவார். திரும்ப இதே தெருவில், செல்லம்மா வீட்டைத் தாண்டி, ஒன்றும் நடக்காததுபோல நடந்து வருவார். உட்கார முடியாமல் எழுந்தாள். நிற்க முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

வெயில் இறங்கிக் கடல் காற்று வர ஆரம்பித்த நேரத்தில் தெருமுனையில் ஓர் ஆள் நடந்து வருவது தெரிந்தது. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. துணிப்பை கையில். கால் முட்டி வரை புழுதி.

தர்மராஜ் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"கோட்டுச்சேரியிலயே எறங்கிட்டேன். நடந்தே வந்தேன்."

"என்னாச்சு?"

"கூடய எங் காலுக்கு நடுவுல வச்சிக்கிறச் சொன்னாரு. போலீசு கேட்டா மாமனார் வூட்டுக் கருவாடுன்னு சொல்லுன்னாரு. சரிங்கன்னேன். சொன்னவொடனே காலு நடுங்க ஆரம்பிச்சிருச்சு, மலரு. நிறுத்தவே முடியல. கூடயில பாட்டிலு அடிச்சுக்கிற சத்தம் கேக்குது. கபீரு கண்ணாடியில என்னையே பாக்குறான். அன்னைக்கு பஸ்ஸுல பாலாவுக்கும் இப்படித்தான் நடுங்குச்சு. என் கையி அந்த முட்டி மேலதான் இருந்துச்சு. நான் கைய எடுக்கல." அவன் மூச்சு வாங்கினான். "வண்டிய நிறுத்துங்கன்னேன். முதலாளி நிறுத்தச் சொன்னாரு. கதவத் தொறந்து வுட்டாரு. போயிட்டாங்க."

"வேலை?"

"இனிமே ஏது வேலை."

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் நின்றபடியே குடித்தான்.

"அவன் மில்லுலேருந்து வந்துட்டானா?"

"இப்பத்தான் சைக்கிள் உள்ள போச்சு."

அவன் சொம்பை வைத்துவிட்டு நேராகப் பாலகுரு வீட்டுக்கு நடந்தான். அவளும் பின்னால் போனாள். இப்போது கதவு திறந்திருந்தது. பாலகுரு உடம்பெல்லாம் தவிடு ஒட்டியிருக்க, வாசலில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தான். செல்லம்மா உள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாலா."

அவன் நிமிர்ந்தான். "சொல்லுங்க மாஸ்டர்."

"முதலாளி மாட்டேன்னுட்டாரு."

"செல்லம்மா சொன்னா."

"நான் ஒனக்குச் செஞ்சது..."

"வேணாம் மாஸ்டர்." பாலகுரு எழுந்தான். கோபமாகக்கூடப் பேசவில்லை. களைத்துப்போயிருந்தான். "எங்கிட்ட சொல்லாதீங்க. எனக்குத் தெரியாததையா சொல்லப் போறீங்க? மில்லுல ஒரு மூட்டை கொறைஞ்சா எல்லாரும் என்னையத்தான் திரும்பிப் பாக்குறான். கல்யாண வூட்டுல என்னையக் கண்டா பாத்திரத்த எண்ணுறான். அவங்களுக்குத்தான் தெரியாது. சொல்றதா இருந்தா அங்க சொல்லுங்க."

கையை நீட்டித் தெருவைக் காட்டினான்.

விளக்கு வைக்கும் நேரம். நூகு பாய் கடையில் பெஞ்சு நிறைந்திருந்தது. கோவில்பத்திலிருந்து டவுன் கடைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். குழாயடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. தர்மராஜ் படியிறங்கித் தெருவுக்கு வந்தான். நடு மண்ணில் நின்றான். துணிப்பையை இன்னும் விடாமல் பிடித்திருந்தான். ஒருவரும் அவனைக் கவனிக்கவில்லை. அவன் வாயைத் திறந்தான். பக்கத்தில் நின்றவனுக்குக்கூடக் கேட்காமல் ஏதோ சொன்னான்.

மலர்க்கொடி போய் அவன் பக்கத்தில் நின்றாள். குழாயடியில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். போன வருஷம் அவள் நின்று பேசிய இடம் அது.

"சத்தமாச் சொல்லுங்க" என்றாள்.

"அந்தப் பை என்னோடது" என்றான் தர்மராஜ். "பாலகுருவோடது இல்ல."

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். நூகு பாய் டீ ஆற்றிக்கொண்டிருந்த கையைத் தணித்தார்.

"எந்தப் பை தம்பி? என்னா சொல்றே? மொதல்லேருந்து சொல்லு."

தர்மராஜ் ஒருதரம் திரும்பிப் பாலகுரு வீட்டு வாசலைப் பார்த்தான். இருவரும் அங்கே நின்றிருந்தார்கள். அவன் முகத்தைத் திருப்பி, மாயவரம் பஸ்ஸில் ஏறியதிலிருந்து ஆரம்பித்தான். ஒவ்வொரு சைக்கிளாக நின்றது. பின்னால் வந்தவர்கள் என்ன என்ன என்று கேட்டபோது, அவன் மறுபடியும் முதலிலிருந்து சொன்னான்.